கல்வட்டத்துக்குள் ஓர் ஊர்: ஏவ்பரியை முதன்முறை நடந்து பார்ப்பவர்களுக்கு

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் மாவட்டத்தில், மார்ல்பரோ நகருக்கு மேற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் ஏவ்பரி என்னும் சிற்றூர் இருக்கிறது. உலகின் மிகப் பெரிய கல்வட்டம் இங்கே உள்ளது. ஊரின் ஒரு பகுதி அந்த வட்டத்துக்குள்ளேயே குடியிருக்கிறது. வண்டிகள் ஓயாமல் ஓடும் நெடுஞ்சாலை ஒன்றும் அதன் நடுவே செல்கிறது. முதன்முறை வருபவர்களில் பலர் நேராகக் கற்களிடம் போய், படம் எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் கிளம்பினேன். கற்களைப் பார்த்த நினைவு இருந்தது. ஊரைப் பார்த்த நினைவே இல்லை. ஆனால் இங்கே காணாமற்போன கற்கள் எங்கே போயின என்ற கேள்விக்கு விடை வீட்டுச் சுவர்களில் இருக்கிறது. ஆகவே கற்களைச் சற்று நேரம் தள்ளிவைத்துவிட்டு, முதலில் நிலத்தையும் பிறகு சுவர்களையும் பார்க்கப் பழகுங்கள் என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

கிளம்புவதற்கு முன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. நம் நூல்களில் 'பெருங்கற்காலம்' என்பது இரும்புக்கால ஈமச்சின்னங்களோடு சேர்ந்து வரும் சொல். கல்வட்டம் என்றவுடன் அதன் அடியில் தாழியோ கல்லறையோ இருக்கும் என்று நம் மனம் தானாக எதிர்பார்க்கும். ஏவ்பரியின் வட்டம் அப்படி ஒரு கல்லறையின் எல்லையாக நடப்பட்டது அன்று. கி.மு. 2850க்கும் 2200க்கும் இடையே, பல தலைமுறைகளாக, இரும்பை அறியாத மக்கள் கூடுவதற்கும் சடங்குகளுக்குமாக எழுப்பிய இடம் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

படமும் பருவமும்

ஆர்டினன்ஸ் சர்வே நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் 157ஆம் எண் நிலப்படத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் 4 சென்டிமீட்டர் என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். பச்சைக் கோடுகளாகக் காட்டப்பட்ட பாதைகளில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். அவை தனியார் வயலின் ஊடே சென்றாலும் அந்த உரிமை உண்டு. தொல்பொருள் இடங்களை இந்தப் படம் எழுத்தின் வடிவத்தாலேயே பிரித்துக் காட்டுகிறது. பழங்காலச் சுவடிகளில் இருப்பதுபோன்ற கோணல் எழுத்தில் இருப்பவை ரோமர் காலம் அல்லாதவை. நேரான தடித்த பெரிய எழுத்தில் இருப்பவை ரோமர் காலத்தவை. 'டியூமுலஸ்' என்று இருந்தால் அது புதைமேடு. 'ஃபீல்டு சிஸ்டம்' என்று இருந்தால் பழைய வயல் வரப்புகளின் தடம். இந்த இரண்டு சொற்களும் ஏவ்பரியைச் சுற்றி எத்தனை முறை வருகின்றன என்று முந்தின இரவே எண்ணிப் பாருங்கள். எண்ணும்போதே இந்த நிலம் எவ்வளவு நெருக்கமாக எழுதப்பட்ட ஏடு என்பது புரிந்துவிடும்.

நேரம் இருந்தால் லைடார் படங்களையும் பாருங்கள். வானூர்தியிலிருந்து லேசர் கதிர்களை அனுப்பித் தரையின் மேடு பள்ளத்தை அளந்த இந்தப் படங்களை இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை இலவசமாகவே இணையத்தில் தருகிறது. கண்ணுக்குத் தெரியாத அரையடி உயர வரப்புகூட அதில் நிழலாகத் தெரியும்.

பருவத்தைப் பொறுத்தவரை என் தேர்வு நவம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை. அப்போது புல் குட்டையாக இருக்கும்; சூரியன் நாள் முழுதும் தாழ்ந்தே இருக்கும். தொல்லியல் தடம் தேடுபவருக்குச் சாய்ந்த வெயிலைவிடச் சிறந்த கருவி இல்லை. கோடை நண்பகலில் வெறும் புல்வெளியாகக் கிடக்கும் இடம், குளிர்கால மாலை மூன்று மணிக்கு வரப்பும் குழியுமாக எழுந்து நிற்கும். சேறு இருக்கும், சுண்ணாம்புப் பாறை நனைந்தால் சோப்புப்போல வழுக்கும், ஆகவே கணுக்கால் வரை மூடும் காலணி கட்டாயம் வேண்டும். ஒரு டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஜூன் 20, 21 தேதிகளில் கோடைத் திருப்பத்தைக் கொண்டாடப் பெருங்கூட்டம் வருவதால் அமைதியாகப் பார்க்க நினைப்பவர்கள் அந்த நாள்களைத் தவிர்க்கலாம். ஸ்விண்டன் நகரிலிருந்து பேருந்து உண்டு.

முதலில் கரை, அடுத்து அகழி

ஊருக்குள் நுழைந்ததும் மண் கரையின் மேல் ஏறுங்கள். சில பகுதிகளில் அரிப்பைத் தடுக்க வேலி போட்டிருப்பார்கள். அங்கே தாண்டாமல் திறந்திருக்கும் பகுதிக்குப் போங்கள். கரை ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர் சுற்றளவு கொண்டது. மேலே நின்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அகழி எந்தப் பக்கம் இருக்கிறது? கோட்டையாக இருந்தால் அகழி வெளியே இருக்கும். பகைவன் அகழியில் இறங்கிக் கரையில் ஏற வேண்டியிருக்கும். இங்கே அகழி உள்ளே இருக்கிறது. வெளியிலிருந்து வருபவரைத் தடுப்பதற்காக இதை யாரும் வெட்டவில்லை என்பது இந்த ஓர் அமைப்பிலேயே தெரிந்துவிடுகிறது. உள்ளே நடப்பதை வெளியிலிருந்து பிரித்துவைப்பதுதான் அதன் வேலையாக இருந்திருக்க வேண்டும்.

இப்போது நீங்கள் காணும் அகழி, வெட்டியபோது இருந்த ஆழத்தில் பாதியளவே. 1908க்கும் 1922க்கும் இடையே ஹரால்டு செயின்ட் ஜார்ஜ் கிரே என்பவர் அகழ்ந்து பார்த்தபோது அடிமட்டம் சுமார் 9 மீட்டருக்கும் கீழே இருந்தது. வெட்டியவர்களின் கருவிகள் சிவப்பு மானின் கொம்புகள். வெட்டிய சுண்ணாம்புப் பாறை காற்றில் பட்டவுடன் பால் வெள்ளையாக இருக்கும். எனவே புதிதாகக் கட்டியபோது இந்தக் கரை பச்சையாக அன்றி, கண் கூசும் வெண்மையாக நின்றிருக்கும். அந்த வெள்ளை வளையத்தை ஒருமுறை மனத்தில் வரைந்துகொண்டு கீழே இறங்குங்கள்.

அகழி எப்படித் தூர்கிறது என்று அறிய விரும்பியவர்கள் 1960இல் அருகிலுள்ள ஓவர்ட்டன் டவுன் மேட்டுநிலத்தில் புதிதாக ஒரு கரையையும் பள்ளத்தையும் அமைத்து, 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டிப்பாகும் ஆண்டு இடைவெளிகளில் வெட்டிப் பார்த்துவருகிறார்கள். கடைசி வெட்டு 128ஆம் ஆண்டுக்கு எனக் குறிக்கப்பட்டிருக்கிறது. தொடங்கியவர் எவரும் முடிவைக் காணப்போவதில்லை என்று தெரிந்தே தொடங்கிய ஆய்வு அது. எனக்கு இந்தப் பகுதியில் மிகவும் பிடித்த செய்திகளில் ஒன்று.

கற்களிடம் போகும்போது

வெளிவட்டத்தில் முதலில் ஏறத்தாழ 100 கற்கள் நின்றன. அதற்குள் வடக்கிலும் தெற்கிலும் இரண்டு சிறிய வட்டங்கள் இருந்தன. கல்லின் பெயர் சார்சன். இரும்புபோல் இறுகிய மணற்கல். இவை செதுக்கப்படாதவை. மேட்டுநிலத்தில் கிடந்தபடியே தேர்ந்து இழுத்து வந்து நட்டிருக்கிறார்கள். வடக்கு நுழைவாயிலருகே நிற்கும் ஸ்விண்டன் கல் சுமார் 60 டன் எடை என மதிக்கப்படுகிறது. நட்ட நாளிலிருந்து விழாமல் நிற்கும் கல் அது.

இங்கே புதியவர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். இன்று நிமிர்ந்து நிற்பவற்றில் பல 1930களில் மீண்டும் நிமிர்த்தப்பட்டவை. மார்மலேட் வணிகக் குடும்பத்தில் பிறந்த அலெக்சாண்டர் கெய்லர் நிலத்தை விலைக்கு வாங்கி, 1937 முதல் 1939 வரை வட்டத்தைப் பகுதி பகுதியாக அகழ்ந்து, புதைந்து கிடந்த கற்களை எடுத்து அவற்றின் பழைய குழிகளிலேயே நிறுத்தினார். கல் கிடைக்காமல் குழி மட்டும் கிடைத்த இடங்களில் மேலே குறுகும் கான்கிரீட் கட்டைகளை நட்டார். அந்தக் கட்டைகளை அழகற்றவை என்று கடந்துபோகாதீர்கள். இல்லாத கல் எங்கே நின்றது என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொல்லும் தொல்லியல் இடங்கள் அதிகமில்லை. அதே வேளையில், வட்டத்தைத் திறந்து காட்டுவதற்காக உள்ளே இருந்த வீடுகள் பல அகற்றப்பட்டன, குடும்பங்கள் வெளியே குடியேறின என்பதும் இந்த இடத்தின் வரலாறுதான். புல்வெளி இவ்வளவு விரிந்து கிடப்பதற்கு ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது.

கற்கள் ஏன் புதைந்தன? 14ஆம் நூற்றாண்டையொட்டி ஊரார் பக்கத்திலேயே குழி தோண்டிக் கற்களைச் சாய்த்து மூடினார்கள். 1938இல் அப்படி ஒரு கல்லின் அடியிலிருந்து ஓர் ஆணின் எலும்புக்கூடு வெளிவந்தது. அவரிடம் ஒரு கத்தரிக்கோலும், மருத்துவர் பயன்படுத்தும் கூரிய இரும்புக் கருவியும், 1320களை ஒட்டிய வெள்ளிக் காசுகளும் இருந்தன. நாவிதராகவும் வைத்தியராகவும் தொழில் செய்தவராக இருக்கலாம் என்று எண்ணி அந்தக் கல்லுக்கே 'நாவிதர் கல்' என்று பெயர் வந்துவிட்டது. கல் சரிந்து நசுங்கி இறந்தார் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். எலும்புகளைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள், அவர் இறந்த பிறகு அங்கே வைக்கப்பட்டிருக்கலாம் என்கிறார்கள். வழிகாட்டிகள் சிலர் இன்னமும் பழைய கதையையே சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், அப்படியே நம்பிவிடாதீர்கள்.

சுவர்களைப் படியுங்கள்

புதைத்ததோடு நின்றிருந்தால் கற்கள் தப்பியிருக்கும். 17ஆம் 18ஆம் நூற்றாண்டுகளில் உடைக்கத் தொடங்கினார்கள். கல்லைக் குழியில் சாய்த்து, அடியில் வைக்கோலிட்டுக் கொளுத்தி, நன்றாகச் சூடேறியதும் குளிர்ந்த நீரைக் கோடாக ஊற்றி, அந்தக் கோட்டின் மேல் சம்மட்டியால் அடித்தார்கள். பிளவு அந்தக் கோட்டிலேயே ஓடியது. 1719 முதல் 1724 வரை பலமுறை இங்கே வந்த பழம்பொருள் ஆய்வாளர் வில்லியம் ஸ்டூக்லி இதைக் கண்முன்னே பார்த்து, வரைந்து, வருந்தி எழுதிவைத்தார். இன்று நமக்குத் தெரியும் கற்களின் இடங்கள் பல அவருடைய வரைபடங்களால் தெரிந்தவை. ஊருக்கு மேற்கே பெக்ஹாம்ப்டன் நோக்கி இரட்டை வரிசையாகக் கற்கள் சென்றன என்று அவர் எழுதியதை அவருடைய கற்பனை என்றே பலர் ஒதுக்கினார்கள். 1999இல் அகழ்ந்தபோது கற்குழிகள் அவர் சொன்ன வழியிலேயே கிடைத்தன.

ஆகவே இப்போது ஊரின் தெருவில் மெதுவாக நடந்து, குடிசைகளின் சுவர்களையும் தோட்ட மதில்களையும் கவனியுங்கள். சாம்பல் நிறத்தில், மூலைகள் சரியாக அமையாத பெரிய கற்கள் தெரியும். சார்சனைச் சதுரமாகச் செதுக்குவது கடினம் என்பதால் வீட்டு மூலைகளையும் சன்னல் ஓரங்களையும் செங்கல்லால் கட்டியிருப்பார்கள். சில கற்களில் இளஞ்சிவப்பு நிறம் ஏறியிருந்தால் அது தீயின் தடமாக இருக்கலாம். நான் ஒரு மதிலின் அருகே நின்று, இரண்டு முழம் அகலமான கல்லின் ஒரு பக்கம் மழையால் வழவழப்பாகவும் மறுபக்கம் உடைந்த சர்க்கரைக் கட்டிபோலச் சொரசொரப்பாகவும் இருப்பதைத் தொட்டுப் பார்த்தேன். வழவழப்பான பக்கம் நாலாயிரம் ஆண்டு வெயிலில் நின்ற பக்கம். சொரசொரப்பு, ஒரு பிற்பகலில் உடைந்த பக்கம் என்று தோன்றியது. இவை மக்கள் வாழும் வீடுகள் என்பதால் தெருவில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குள் எட்டிப் படம் எடுக்க வேண்டாம்.

அகழிக்கு வெளியே, மேற்கில், புனித ஜேம்ஸ் தேவாலயம் நிற்கிறது. நார்மன்கள் 1066இல் வருவதற்கு முன்பே, சாக்சன் மக்கள் ஆண்ட காலத்தில், சுமார் கி.பி. 1000இல் எழுந்த கூடம் அது. உள்ளே போய் வடக்குச் சுவரின் உச்சியில் இருக்கும் சிறிய வட்டச் சன்னல்களைத் தேடுங்கள். வளைவுகளைப் பார்த்துக் காலம் சொல்லவும் இங்கேயே பழகலாம்: அரைவட்டமாக இருந்தால் பெரும்பாலும் சாக்சன் அல்லது நார்மன், உச்சி கூராக இருந்தால் 12ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பிந்தியது. ஊர்ப்பெயரின் கடைசியில் உள்ள 'பரி' என்பதும் சாக்சன் மொழியில் அரண் சூழ்ந்த இடத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கரையைக் கட்டியவர்கள் யாரென்று அறியாதவர்கள் அதைக் கண்டு வைத்த பெயராக அது இருக்கலாம்.

சில்பரி, ரோமச் சாலை, நீள் கல்லறை

ஊரிலிருந்து தெற்கே நடந்தால் சில்பரி மேடு வரும். சுமார் 30 மீட்டர் உயரம், கி.மு. 2400ஐ ஒட்டி மனிதர்கள் குவித்தது; ஐரோப்பாவில் வரலாற்றுக்கு முற்பட்ட செயற்கை மேடுகளில் மிகப் பெரியது. உள்ளே அரசனின் கல்லறை இருக்கும் என்று எண்ணி 1776இல் உச்சியிலிருந்தும், 1849இலும் 1968இலும் பக்கவாட்டிலும் துளைத்துப் பார்த்தார்கள். கல்லறை எதுவும் கிடைக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் பழைய துளை உச்சியில் உள்வாங்கிப் பெரும் பள்ளமானது. பின்னர் உள்ளே சுண்ணாம்புப் பாறையை நிரப்பி உறுதிப்படுத்தினார்கள். அதன் மேல் ஏறத் தடை உண்டு. யாரும் பார்க்கவில்லை என்றாலும் ஏறாதீர்கள். ஒவ்வொரு காலடியும் சரிவை அரிக்கும்.

மேட்டைக் கீழிருந்து பார்க்கும்போது ரோமச் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். பாத் நகரிலிருந்து கிழக்கே வந்த அந்தச் சாலை, ரோமர் வழக்கப்படி நேராக மேட்டைக் குறிவைத்து வந்து, அதன் அருகில் மட்டும் விலகிச் செல்கிறது. சாலை போடும்போது மேடு அங்கே ஏற்கெனவே நின்றது என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை. எது எதைச் சுற்றிப் போகிறது, எது எதை வெட்டுகிறது என்று பார்ப்பதே காலவரிசை அறியும் வழி. எந்த ஊரிலும் இந்த விதி உதவும்.

இன்றைய நெடுஞ்சாலையைக் கவனமாகக் கடந்து, வயல் நடுவே ஏறும் பாதையில் கால் மணி நேரம் நடந்தால் வெஸ்ட் கென்னட் நீள் கல்லறை. ஏறத்தாழ 100 மீட்டர் நீளம், கி.மு. 3650ஐ ஒட்டியது, அதாவது கல்வட்டத்தைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது. கிழக்கு முனையில் கல்லால் ஆன ஐந்து அறைகளுக்குள்ளே போகலாம். டார்ச் இங்கேதான் தேவை. குறைந்தது 36 பேரின் எலும்புகள் இங்கே கிடைத்தன. உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றாதீர்கள். சூட்டில் கல் வெடிக்கும், புகைக்கறை போகாது.

கையில் எதை எடுக்கலாம்

சுருக்கமாகச் சொன்னால், எதையும் எடுக்காதீர்கள். பாதை ஓரத்து உழுத மண்ணில் சிக்கிமுக்கிக் கல் சில்லுகள் கண்ணில் படும். மனிதர் தட்டிய சில்லு என்றால் அடி விழுந்த இடத்தில் சிறிய புடைப்பும், அதிலிருந்து நீரலைபோல விரியும் வளைகோடுகளும் இருக்கும். கீழே வைத்தே படம் எடுங்கள். நிலம் ஒருவருடையது, அதில் கிடப்பதும் அவருடையது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் மேல் அனுமதியின்றி உலோகம் தேடும் கருவியைப் பயன்படுத்துவது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வேறோர் இடத்தில், நில உரிமையாளரின் அனுமதியோடு நடக்கும்போது 300 ஆண்டுக்கு மேற்பட்ட பொன் வெள்ளிப் பொருளோ காசுக் குவியலோ கிடைத்தால், 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 14 நாள்களுக்குள் கொரோனர் என்ற அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். மற்றப் பழம்பொருள்களைப் பதிவுசெய்ய ஒவ்வொரு மாவட்டத்திலும் அதற்கென அலுவலர்கள் இருக்கிறார்கள். பொருளைவிட அது கிடந்த இடமே அவர்களுக்கு முக்கியம் என்பதால் இடத்தை நிலப்படத்தில் உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

கால் வலிக்காவிட்டால் ஃபைஃபீல்டு டவுன்

ஓவர்ட்டன் குன்றில் வெண்கலக் காலத்து வட்டப் புதைமேடுகளைக் கடந்து வடக்கே செல்லும் ரிட்ஜ்வே பாதையில் ஏறுங்கள். கிழக்கே விரியும் மேட்டுநிலம் ஃபைஃபீல்டு டவுன். மேயும் ஆடுகளைப்போலச் சார்சன் கற்கள் புல்லில் கிடக்கும். தாழ்ந்த வெயிலில் சரிவு முழுதும் படிப்படியான வரப்புகள் தெரியும். உழவின்போது மண் சரிவில் இறங்கி வேலியோரம் சேர்ந்து உண்டான படிகள் அவை. நம்மூர் வரப்பைப்போல வெட்டிப் போட்டதல்ல, தலைமுறை தலைமுறையாக உழுததிலேயே தானாக எழுந்த வரப்பு.

அங்கே பாதையிலிருந்து சிறிது தொலைவில், தரையோடு படுத்த ஒரு சார்சன் கல்லில் வரிசையாக நீளப் பள்ளங்களும் அருகில் வழவழப்பான ஒரு குழிவும் இருக்கின்றன. புதிய கற்காலத்தவர் தங்கள் கற்கோடரிகளைத் தேய்த்துத் தீட்டிய இடம் அது. அம்மியின் நடுக்குழிவு எப்படி இருக்கும் என்று அறிந்த விரல்களுக்கு அந்தக் குழிவை விளக்க வேண்டியதில்லை. ஒரு பள்ளத்தில் சுட்டுவிரலை வைத்து இழுத்தால் அது தடையின்றி வழுக்கிச் சென்று மறுமுனையில் நிற்கும். மழை பெய்து ஓய்ந்த நாளில் போனால் பள்ளங்களில் நீர் தேங்கி, தொலைவிலிருந்தே வெள்ளிக் கோடுகளாகத் தெரியும். காய்ந்த நாளில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இங்கிருந்து ஊருக்கு ஒரு மணி நேர நடை என்று கணக்கு வைத்துக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே திரும்புங்கள்.